பொங்கல் பரிசு என்றொரு விருது

என் பழைய சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலுக்குள் ஒரு டெலிவரி நோட்டும் இருக்கிறது. முன்பக்கம் 2019 ஜனவரி தேதியில் ஏதோ பைப் சாமான்களின் கணக்கு. பின்பக்கம் நீல மையில் என் கையெழுத்தில் ஒரு பட்டியல். ஆசியக் கோப்பைக் கால்பந்திலிருந்து இந்தியா வெளியேறிய இரவில், ஷார்ஜாவில் நாங்கள் தங்கியிருந்த அறையில், நான்கு பேர் உட்கார்ந்து நம் அணிக்குக் கொடுத்த வேடிக்கை விருதுகள் அவை. வேலை மாறினேன், ஊர் மாறினேன், எத்தனையோ காகிதங்களைக் கிழித்துப் போட்டேன். இதைப் போட மனம் வரவில்லை. ஆனால் எடுத்துப் படிக்கும்போதெல்லாம் கடைசி வரிக்கு முன்னால் கண்ணை எடுத்துவிடுவேன். அந்த வரியை எழுதச் சொன்னவனும் நான்தான், எழுதியவனும் நான்தான்.

விருது கொடுக்கும் பழக்கத்தை அறைக்குள் கொண்டுவந்தவர் காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். காயல்பட்டினத்தில் பிறந்தவருக்குக் கால்பந்து பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இளம் வயதில் உள்ளூர்ப் போட்டிகளில் தற்காப்பில் ஆடியவர், முழங்கால் போன பிறகு வளைகுடாவுக்கு வந்தவர். 2018 உலகக் கோப்பையின்போது யாருடைய அணி தோற்றாலும் அன்று ராத்திரி அறையில் ஒருவரோடு ஒருவர் பேச்சு இருக்காது. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கறதுக்குப் பதிலா ஆளுக்கு நாலு விருது கொடுங்கப்பா" என்று ஆரம்பித்துவைத்தார். விதி ஒன்றே ஒன்றுதான். விருது வாங்குகிற ஆட்டக்காரன் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் அவனுக்கும் சிரிப்பு வர வேண்டும். வராவிட்டால் அது விருது இல்லை.

தாளில் இருப்பவை

முதல் வரி தாய்லாந்தின் தீராதோன் புன்மாதனுக்கு. அபுதாபியில் ஜனவரி 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் ஆஷிக் குருணியன் அடித்த பந்து அவர் கையில் பட்டு நமக்குப் பெனால்டி கிடைத்தது. 27ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி அதை கோலாக்கினார். 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. 55 வருடமாகப் பூட்டிக் கிடந்த கதவு அது. "கதவைத் திறந்த கை" என்று எழுதியிருக்கிறேன். பெயர் வைத்தவர் எங்கள் அறையில் இருந்த கேரளத்துக்காரர், மலப்புரத்து இக்கா. ஆஷிக் அவர் மாவட்டத்துப் பையன் என்பதால் அன்று முழுக்க அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்தது ஜேஜே லால்பெக்லுவாவுக்கு, "வந்த வேலையைப் பார்த்தவர்". மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, வியர்வை வருவதற்குள் நான்காவது கோலை அடித்தார். அன்று 4-1. சேத்ரி இரண்டு, அனிருத் தாபா ஒன்று, ஜேஜே ஒன்று. தாபாவின் கோலை நான் இன்னும் கண்ணை மூடிப் பார்க்க முடியும். கோல்கீப்பர் முன்னால் வர, அவர் தலைக்கு மேலே பந்தை அவ்வளவு பதமாகத் தூக்கிவிட்டார், ஏதோ தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி. அதற்கு விருதே எழுதவில்லை, வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் தோன்றாததால்.

தாய்லாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு "அவசர சிகிச்சை விருது". நம்மிடம் தோற்ற மறுநாளே பயிற்சியாளர் மிலோவன் ராயவாட்சை வேலையிலிருந்து எடுத்தார்கள். அறையில் இதைக் கேட்டுச் சிரித்தோம். ஆனால் அவர்கள் அதற்குப் பிறகு பஹ்ரைனை 1-0 என்று ஜெயித்து, அமீரகத்தோடு 1-1 என்று சமன் செய்து, அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள். சிகிச்சை பலித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வரி: "தொடரின் சிறந்த தற்காப்பு வீரர் – ஜாயித் ஸ்போர்ட்ஸ் சிட்டி மைதானத்தின் குறுக்குக் கம்பம்." ஜனவரி 10 அன்று அமீரகத்துக்கு எதிரான ஆட்டத்தில் 0-2 என்று தோற்றோம். ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரணத் தோல்வி. பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் பாதியில் ஆஷிக்கும் சேத்ரியும் கோல் அடித்தே இருக்க வேண்டும். அவர்கள் கோல்கீப்பர் காலித் ஈசா இரண்டையும் தடுத்தார். இரண்டாம் பாதியில் உதாந்தா சிங் அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. கடைசியில் சந்தேஷ் ஜிங்கன் தலையால் முட்டியதும் கம்பத்தில்தான் பட்டது. போட்டியை நடத்தும் நாட்டை, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டத்தின் முன்னால், இந்தியா இப்படி மிரட்டும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியபடி நாங்கள் பஸ் ஏறியது அந்த ஒரு நாள்தான்.

இந்த விருதுகள் எல்லாவற்றுக்கும் காக்காவின் விதி பொருந்தும். தீராதோன்கூடச் சிரித்திருப்பார். கம்பத்தைப் பற்றிக் கவலையில்லை.

கடைசி வரி நம் தற்காப்பு மிட்ஃபீல்டர் பிரணய் ஹால்தருக்கு. "பொங்கல் பரிசு விருது" என்று எழுதியிருக்கிறது.

ஷார்ஜா, ஜனவரி 14

அன்று திங்கட்கிழமை, ஊரில் போகி. நாங்கள் நால்வரும் டூட்டியை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போயிருந்தோம். எட்டு மணி ஆட்டம். அதே நேரத்தில் அல் ஐனில் அமீரகமும் தாய்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் அறையின் இளையவன், திருநெல்வேலிப் பையன், போனில் அந்த ஸ்கோரைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பில் இருந்தான். இடைவேளைக்கு முன்பே அங்கே 1-1. அதற்குப் பிறகு மாறவே இல்லை. காக்கா விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: இங்கே சமனில் முடிந்தால் நமக்கு 4 புள்ளி, தாய்லாந்துக்கும் 4, ஆனால் அவர்களை நாம் ஜெயித்திருக்கிறோம். ஆகவே நாம் குழுவில் இரண்டாவது. மூன்றாவதாக முடித்து மற்ற குழுக்களின் கணக்கைப் பார்த்துக் காத்திருக்கும் பிழைப்பு இல்லை. நேராக உள்ளே.

ஆரம்பமே சரியாக இல்லை. நான்காவது நிமிடத்தில் அனஸ் எடத்தொடிகா காயத்தோடு வெளியேறினார், சலாம் ரஞ்சன் சிங் உள்ளே வந்தார். அனஸும் மலப்புரத்துக்காரர். இக்கா எழுந்து நின்றவர் வெகு நேரம் உட்காரவே இல்லை. அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க நம் பாதியில்தான். பஹ்ரைனுக்கு வெற்றி தேவை, நமக்குச் சமன் போதும். போதும் என்று நினைத்துவிட்ட அணி எப்படி ஆடுமோ அப்படி ஆடினோம். பந்து வரும், உதைத்து வெளியே அனுப்புவோம், அது திரும்பி வரும். குர்ப்ரீத் சிங் சந்து பிடிப்பார், நேரம் எடுத்துத் தூக்கி அடிப்பார், மறுபடி வரும். கூட்டம் கடிகாரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. 70, 75, 80. திருநெல்வேலிப் பையன் "இன்னும் 1-1தான் அண்ணே, 1-1தான்" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னான். 90 வந்தபோது நான் காக்காவின் தோளைக் கட்டிக்கொண்டேன்.

91ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்குள் ஹால்தர் கால் நீட்டினார், பஹ்ரைன்காரர் விழுந்தார், விசில். அந்தத் தொடரில் வீடியோ நடுவர் வசதி காலிறுதியிலிருந்துதான் இருந்தது, அதனால் மறுபரிசீலனை என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஜமால் ரஷீத் அடித்தார், 1-0. குழுவில் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அந்த ஒரு உதையில் நான்காம் இடத்துக்குப் போனோம். மூன்றாவதுகூட இல்லை. பஹ்ரைன் மூன்றாவதாக உள்ளே போனது. ஆட்டம் முடிந்து நாங்கள் அறைக்குத் திரும்புவதற்குள் பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பதவி விலகியதாகச் செய்தி வந்துவிட்டது.

அறையில் யாரும் சமைக்கவில்லை. குப்பூஸ் ரொட்டியும் தயிரும் இருந்தன. இளையவன்தான் "விருது?" என்று கேட்டான். சட்டைப் பையில் இருந்த டெலிவரி நோட்டைத் திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கினேன். எழுத எழுத மனசு கொஞ்சம் இறங்கியது, உண்மையாகவே சிரித்தோம். அப்புறம் கடைசிக்கு வந்தோம். மறுநாள் பொங்கல். தமிழ்நாட்டில் அந்த வருடம் ரேஷன் கடையில் பொங்கல் பரிசோடு 1,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் அதே பேச்சு. "பஹ்ரைனுக்குப் பொங்கல் பரிசு கொடுத்த வள்ளல்" என்றேன். இளையவன் விழுந்து விழுந்து சிரித்தான். இக்காவுக்கு விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். எழுதிவிட்டேன்.

காக்கா சிரிக்கவில்லை. குப்பூஸைப் பிய்த்துக்கொண்டே, "தம்பி, இத அந்தப் பையன் முன்னாடி படிப்பியா?" என்றார்.

"அவனாலதானே காக்கா தோத்தோம்" என்றேன்.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று அந்த வரி நின்றது. விளக்கை அணைத்த பிறகு, மேல் கட்டிலிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. அவர் ஆடிய காலத்தில் ஒரு இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் இவர் காலில் பட்டுத் தங்கள் கோலுக்குள்ளேயே பந்து போனதாம். "இப்பவும் ஊருக்குப் போனா அந்தக் கோலைச் சொல்ற ஆளு இருக்கான். அன்னைக்கு அதுக்கு முன்னாடி எத்தனை பந்த நான் வெளிய எடுத்தேன்னு சொல்ற ஆளு ஒருத்தன் கிடையாது." கொஞ்ச நேரம் கழித்து, "தடுத்தது யார் கண்ணுலயும் படாது தம்பி. அது நடக்காமப் போனது பாரு" என்றார்.

மறுநாள் ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்தோம். அனஸ் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்த செய்தியை இக்கா எங்களுக்கு வாசித்துக் காட்டினார். இந்தியாவுக்காக நான்கு நிமிடம் ஆடிவிட்டுக் காயத்தோடு நடந்து போனதுதான் கடைசி என்றால் அது எப்படி இருக்கும் என்று அன்று முழுக்க அவர் அதையே பேசிக்கொண்டிருந்தார். அனஸ் பிறகு சில மாதங்களில் முடிவை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். அனஸுக்காக அவ்வளவு வருந்திய நாங்கள், அதே ஆட்டத்தில் ஆடிய இன்னொரு இருபத்தைந்து வயதுப் பையனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

முழு ஆட்டத்தையும் மறுபடி பார்த்தபோது

காக்கா சொன்னது எனக்குள் சும்மா இருக்கவில்லை. ஹைலைட்ஸ் பல தடவை பார்த்தேன். நான்கைந்து நிமிட ஹைலைட்ஸில் ஹால்தர் யார் என்றால் பெனால்டி கொடுத்தவர், அவ்வளவுதான். பல மாதம் கழித்து, கொரோனா ஊரடங்கில் அறையில் அடைந்து கிடந்தபோது, முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை பந்தைப் பார்க்காமல் ஹால்தரை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

தற்காப்பு மிட்ஃபீல்டரின் வேலையைப் பந்தைப் பின்தொடரும் கண்ணால் பார்க்கவே முடியாது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஓடும் இடத்துக்குப் பல சமயம் பந்து வருவதே இல்லை. வராமல் போவதற்காகத்தான் அவர் அங்கே ஓடுகிறார். எதிரணி ஆட்டக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார், நடுவில் இவர் நிற்கிறார், அதனால் பந்தை ஓரமாகக் கொடுத்துவிடுகிறார். எந்தக் கணக்கில் இதை எழுதுவது? புகைப்படம்கூட எடுக்க முடியாது. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, ஆட்டம் முழுக்க இதே வேலை. அதிலும் நம் அணி அன்று தேர்ந்துகொண்ட ஆட்டமுறையில் அவருக்கு மூச்சு விடவே நேரமில்லை.

அந்தப் பெனால்டியைப் பற்றி என் எண்ணம் இன்று இதுதான். அது 91ஆவது நிமிடத்தில் விழுந்ததே தவிர, அன்று நாம் ஆடிய விதத்திலேயே அது வளர்ந்துகொண்டிருந்தது. தாய்லாந்திடமும் அமீரகத்திடமும் துணிந்து முன்னால் போன அணி, பஹ்ரைனிடம் மட்டும் ஒரு புள்ளியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நம் பெட்டிக்குள் பந்து அத்தனை தடவை வந்துகொண்டே இருந்தால், களைத்த கால் ஒன்று எப்போதாவது ஒரு கணம் பிந்தத்தான் செய்யும். அந்தக் கால் யாருடையது என்பது தற்செயல். அதிகம் ஓடுகிறவன் கால்தான் அதிகம் களைக்கும், ஆகவே அவ்வளவு தற்செயலும் இல்லை. உதாந்தாவின் வேகத்தை நாம் பயன்படுத்தியிருந்தால், சேத்ரிக்கு அருகில் இன்னும் இரண்டு பேரை அனுப்பியிருந்தால், பந்தாவது கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருந்திருக்கும். கான்ஸ்டன்டைன் மேல் எனக்குக் கோபமில்லை. 2015இல் உலகத் தரவரிசையில் 170க்கும் கீழே கிடந்த அணியை 100க்குள் கொண்டுவந்தவர் அவர். ஆனால் அந்த ஒரு இரவின் முடிவு அவருடையது, ஹால்தருடையது அல்ல.

இன்னொன்றும் அன்றுதான் என் கண்ணில் பட்டது. மைதானத்தில் நேரில் உட்கார்ந்து பார்த்தும் அதை நான் மனதில் வாங்கியிருக்கவில்லை. கான்ஸ்டன்டைன் கேப்டன் பொறுப்பை ஒருவரிடமே வைக்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தார். இந்தியாவுக்காகச் சேத்ரி 107ஆவது ஆட்டம் ஆடி முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவின் எண்ணிக்கையைத் தொட்ட நாள் அது. ஆனாலும் அன்று கேப்டன் பட்டை ஹால்தரின் கையில்தான் இருந்தது. மேற்கு வங்கத்துப் பாரக்பூரிலிருந்து வந்த ஒரு பையன், 55 வருடத்துக்குப் பிறகு இந்தியா ஒரு வெற்றி பார்த்த தொடரில், அடுத்த சுற்றுக்கான ஆட்டத்தில், அணியை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறான். அந்த ஊரில் அன்று எத்தனை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். 90 நிமிடம் எல்லாம் சரியாகப் போகிறது. நான் அங்கே வீடியோவை நிறுத்திவிட்டேன். 91ஐ நான் பார்க்கவில்லை.

போன அக்டோபர்

2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இந்தியா இழந்தது. நம் சாங்டே கோல் அடித்து, நாம் முன்னிலையில் இருந்த ஆட்டம் அது. அதற்கு முந்தைய ஆசியக் கோப்பையில், 2024 ஜனவரியில் கத்தாரில், மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியிருந்தோம். இப்போது அந்தத் தோல்விகளுக்கும் வழியில்லை, போட்டிக்கே நாம் இல்லை. கேலி செய்ய, விருது கொடுக்க, கோபப்பட ஒரு தொடர் இருந்ததே எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்று ராத்திரி தோன்றியது. அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பத்தரை மணிக்குக் காக்கா கூப்பிட்டார். இப்போது ஊரிலேயே இருக்கிறார், சாயங்காலத்தில் சின்னப் பையன்களுக்குப் பந்து சொல்லித்தருகிறார். சிங்கப்பூர் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "அந்தத் தாளு இருக்கா?" என்றார். ஃபைலை எடுத்தேன். "படி." கதவைத் திறந்த கை, வந்த வேலையைப் பார்த்தவர், அவசர சிகிச்சை, கம்பம். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். நான் நிறுத்தினேன்.

"கடைசிய விட்டுட்டியே" என்றார்.

படித்தேன். அந்தப் பக்கம் கடற்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. முழு ஆட்டத்தையும் பார்த்த கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன், இத்தனை வருடத்தில் முதல் முறையாக. கேப்டன் பட்டையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, பேர மாத்து" என்றார். நான் "89 நிமிட விருது" என்றேன். அவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது. "அதென்ன 89? தொண்ணூறும் அவன் ஆடினதுதானே? அப்புறம் நடந்ததும் அவன் ஆடினதுதான். ஓடாம நின்னிருந்தா அந்த இடத்துல அவன் கால் எப்படி இருந்திருக்கும்?" மறுநாள் இக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "அவன்டெ முன்னில் வாயிக்கான் பற்றுமோ?" என்று ஒரு வரி வந்தது, அவன் முன்னால் வாசிக்க முடியுமா என்று. பழைய விதியை அவரும் மறக்கவில்லை.

கடைசியில் "நடக்காமல் போனவற்றுக்கான விருது – பிரணய் ஹால்தர்" என்று எழுதினோம். எழுதும்போது காக்கா மறுபடியும் போனில் இருந்தார். பழைய வரியை நன்றாக மை போட்டு மறைத்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம். ஒரே ஒரு கோடு போடு, எழுதினது தெரியட்டும்" என்றார். அப்படியே செய்தேன். கோட்டுக்கு அடியில் பொங்கல் பரிசு என்று இப்போதும் படிக்க முடிகிறது.